நிலம் காக்க வரும் ஆய்வுக்குழு: அமைப்பு என்ன, அளவுகோல் என்ன, நமக்கு இடம் எங்கே?

மலையையும் மண்ணையும் பாதுகாக்க அரசு ஓர் ஆய்வுக்குழு அமைத்திருக்கிறது என்று செய்தி வந்தால், நமது விவசாயிகளிடையே இரண்டு விதமான பேச்சு எழுவதைப் பார்க்கிறோம். "இனி நம்முடைய விளையில் நாமே ஒரு மரம் வெட்ட முடியாது" என்பது ஒன்று. "அது மலையில் இருப்பவர்களுக்கு, கருங்கல்லில் இருக்கும் நமக்கு என்ன?" என்பது மற்றொன்று. முதலாவது பயத்தால் வருவது. இரண்டாவது அசட்டையால் வருவது. இரண்டுமே நன்மை தருவதல்ல.

கருங்கல் மலையடிவாரத்தில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் மலையில் நடப்பது நம் ஊருக்கு வந்து சேராமல் இருப்பதில்லை. 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையை முதலாகக் கொண்ட கோதையாற்றுப் பாசனத் திட்டத்தின் ஒரு கையே பட்டணங்கால் கால்வாய். பறளியாற்றின் குறுக்கே 1966-இல் எழுப்பப்பட்ட மாத்தூர் தொட்டிப்பாலம் அந்தக் கால்வாய் நீரைத்தான் சுமந்து வருகிறது. மேலே சரிவில் மண் அரிந்தால் கீழே அணை மேடிடும். மேலே பாறையை உடைத்து ஊற்றுக்கண் அடைந்தால் கீழே ஏலாவில் வாழைக்கும் தெங்குக்கும் நீர் குறையும். ஆகவே மலைநிலம் பற்றிய ஆய்வு கடைமடைக்காரருக்கும் உரிய காரியமே.

இப்படிப்பட்ட குழு எவ்வாறு அமைகிறது, அதில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் எந்த அளவுகோலைக் கொண்டு நிலத்தை அளக்கிறார்கள் என்பதைச் சிறு விவசாயிகள் அறிந்திருப்பது அவசியம். மேற்குத் தொடர்ச்சி மலைக்காக 2010 முதல் அமைக்கப்பட்ட குழுக்களின் வரலாறு இதற்கு நல்ல பாடமாக இருக்கிறது.

குழு எப்படிப் பிறக்கிறது?

2010 பிப்ரவரியில் நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்பில் அக்கறை கொண்டவர்களின் கூட்டம் ஒன்று நடைபெற்றது. அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதில் கலந்து கொண்டார். அதன் தொடர்ச்சியாக 2010 மார்ச் 4-ஆம் தேதி அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் வல்லுநர் குழு என்பது அதன் பெயர். தலைவராக இருந்த சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் பெயரால் ‘காட்கில் குழு’ என்றே அது வழங்குகிறது.

இத்தகைய எந்த ஆணையிலும் நான்கு விஷயங்கள் இருக்கும். குழு எதைப் பற்றி ஆராய வேண்டும் என்ற வரையறை ஒன்று. உறுப்பினர் பட்டியல் இரண்டு. எத்தனை நாளில் அறிக்கை தர வேண்டும் என்ற தவணை மூன்று. செலவையும் அலுவலக உதவியையும் யார் பார்த்துக் கொள்வது என்பது நான்கு. இவற்றில் முதலாவதுதான் உயிர்நாடி. வரையறையில் இல்லாத காரியத்தைக் குழு பேசாது; பேசினாலும் அரசு அதைப் பொருட்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. காட்கில் குழுவுக்கு இடப்பட்ட வேலை, மலைத்தொடரின் இன்றைய நிலையைக் கணிப்பது, எந்தெந்தப் பகுதிகளைச் ‘சூழல் கூருணர்வுப் பகுதி’ என அறிவிக்கலாம் என்று காட்டுவது, மக்களையும் மாநில அரசுகளையும் கலந்து பாதுகாப்புக்கு வழி சொல்வது, இந்த மலைக்கென ஒரு நிலையான ஆணையம் ஏற்படுத்த ஆலோசனை தருவது ஆகியவையாகும். கூருணர்வுப் பகுதி என்றால், சிறிது கைவைத்தாலும் பெரிதாகக் கெட்டுவிடக் கூடிய, கெட்டபின் சீர்செய்ய முடியாத நிலம் என்று பொருள் கொள்ளலாம்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஆய்வுக்குழு சட்டம் செய்வதில்லை; பரிந்துரை மட்டுமே செய்கிறது. அதை ஏற்பதும், மாற்றுவதும், ஒதுக்குவதும் அரசின் கையில் உள்ளது. ‘குழு சொல்லிவிட்டது, நிலம் போய்விட்டது’ என்று கலங்க வேண்டியதில்லை. ஆனால் குழு வரைந்த படமே பின்னால் வரும் அறிவிக்கைக்கு அடிப்படை ஆகிறது. எனவே படம் வரையும் நேரத்தில்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

நாற்காலிகளில் யார் யார்?

காட்கில் குழுவில் தலைவரையும் சேர்த்து 14 பேர் இருந்தார்கள். அவர்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் அமைப்பு எளிதில் விளங்கும்.

முதல் வகை, துறை அறிஞர்கள். யானைகளைப் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்த ரா. சுகுமார், பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கே.என். கணேசையா, பறவையியல் வழி வந்த வி.எஸ். விஜயன், பொருளாதார நோக்கில் ஆராயும் லிஜியா நொரோனா போன்றவர்கள் இவ்வகையினர். நீலகிரியைச் சேர்ந்த வழக்கறிஞர் பி.ஜே. கிருஷ்ணனும் உறுப்பினராக இருந்தார்.

இரண்டாம் வகை, பதவியின் காரணமாக அமர்பவர்கள். தேசிய உயிரினப் பன்மைய ஆணையத்தின் தலைவர், மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர், ஆமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநர் ஆகியோர் இவ்வாறு இடம்பெற்றனர். இவர்கள் மூலம் அந்தந்தத் துறையின் ஆவணங்களும் செயற்கைக்கோள் படங்களும் குழுவுக்குக் கிடைக்கும்.

மூன்றாம் வகை, உறுப்பினர்–செயலர். இவர் அமைச்சகத்தின் அதிகாரி. கூட்டம் கூட்டுவது, மனுக்களைப் பெறுவது, கடிதப் போக்குவரத்து, கோப்பு எல்லாம் இவர் பொறுப்பு. தலைவர் பெயரைத்தான் பத்திரிகைகள் எழுதும். ஆனால் விவசாயி அனுப்பும் மனு போய்ச் சேருவது இவருடைய மேசைக்குத்தான். முகவரி எழுதும்போது ‘உறுப்பினர்–செயலர்’ என்று எழுதுவது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

இந்த மூன்று வகையிலும், விவசாயி என்ற தகுதிக்காக ஓர் இருக்கை ஒதுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். உறுப்பினர்களின் அறிவையோ நேர்மையையோ இதனால் குறைத்துச் சொல்வதாகாது. மலையின் நலனை அறிந்தவர்கள் அங்கே நிறைந்திருந்தார்கள். ஆனால் 40 செண்டில் தெங்கும் மரச்சீனியும் போட்டுப் பிழைப்பவரின் கணக்கை அறிந்தவர் உள்ளே இருந்து பேச ஏற்பாடு இல்லை. அவர் வெளியிலிருந்துதான் பேச வேண்டும். அதற்கென வைக்கப்பட்ட வாசல் எது என்று தெரியாவிட்டால் அவர் குரல் ஏறாது.

பின்னால் இருந்து வேலை செய்பவர்கள்

உறுப்பினர்கள் மாதக்கணக்கில் காட்டில் சுற்றுவதில்லை. அவர்களுக்கு வேறு பணிகள் உண்டு. உண்மையில் குழுவின் வேலை நான்கு வழியாக நடக்கிறது.

முதலாவது, ஏற்கெனவே கிடைக்கும் விவரங்களைத் திரட்டுவது. வனத்துறை, வருவாய்த்துறை, பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றிலிருந்து இவை வருகின்றன. இரண்டாவது, தனித்தனிப் பொருள் பற்றி அறிஞர்களிடம் கட்டுரை கேட்டுப் பெறுவது. மூன்றாவது, கணினியில் நிலப்படம் தயாரிப்பது. இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சி நிறுவனங்களில் உள்ள இளம் ஆய்வாளர்கள். நான்காவது, களப்பயணமும் மக்கள் கலந்தாய்வும். காட்கில் குழு மாநிலந்தோறும் அரசு அதிகாரிகளையும் பொது அமைப்புகளையும் சந்தித்தது; பல இடங்களை நேரில் பார்த்தது.

இந்த நான்கில் விவசாயிக்கு நேரடியாகத் திறந்திருப்பது நான்காவது வாசல் மட்டுமே. ஆனால் முடிவைப் பெரிதும் நிர்ணயிப்பது மூன்றாவது, அதாவது நிலப்படம். எனவே அதைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

அளவுகோலில் இருக்கிறது சூட்சுமம்

காட்கில் குழு ஏறக்குறைய 1,29,000 சதுர கிலோமீட்டர் பரப்பை எடுத்துக்கொண்டு, அதை 9 கிலோமீட்டருக்கு 9 கிலோமீட்டர் கொண்ட கட்டங்களாகப் பிரித்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நிலத்தின் உயரம், சரிவு, காட்டின் அளவு, அங்கே மட்டுமே வாழும் செடி, உயிரினங்கள் ஆகியவற்றைப் பார்த்து மதிப்பெண் இட்டது. மதிப்பெண்ணுக்கு ஏற்ப முதல் மண்டலம், இரண்டாம் மண்டலம், மூன்றாம் மண்டலம் என்று வகுத்தது.

ஒரு கட்டம் என்பது 81 சதுர கிலோமீட்டர். ஏக்கரில் சொன்னால் சுமார் 20,000 ஏக்கர். அதற்குள் அடர்ந்த காடும் இருக்கலாம். ரப்பர் தோட்டமும், குடியிருப்பும், கடைவீதியும் இருக்கலாம். இவ்வளவு பெரிய மலைத்தொடரைச் சுருங்கிய காலத்தில் ஆராய இது ஏற்ற முறைதான். ஆனால் ஒரு சர்வே எண் உள்ளேயா வெளியேயா என்று முடிவு செய்ய அது ஏற்றதல்ல. இதை அந்தக் குழுவும் உணர்ந்தே இருந்தது. தங்கள் மண்டலங்கள் தொடக்க ஆலோசனை மட்டுமே. கடைசி எல்லைக்கோட்டை கிராமசபையில் தொடங்கி மக்களைக் கலந்தே வரைய வேண்டும் என்பதே அதன் கருத்து. மகாராஷ்டிர மாநிலம் சிந்துதுர்க் மாவட்டத்தில் 25 கிராமசபைகள், சுரங்கங்களுக்கு அஞ்சி, தங்கள் ஊரைக் கூருணர்வுப் பகுதியில் சேர்க்குமாறு தாமாகவே தீர்மானம் செய்தன. பாதுகாப்பு என்றாலே மக்கள் எதிர்ப்பார்கள் என்று நினைப்பது தவறு என்பதற்கு இது சான்று.

அறிக்கையில் விவசாயத்துக்கும் இடம் இருந்தது. ரசாயனப் பூச்சிமருந்தை முதல் மண்டலத்தில் 5 ஆண்டு, இரண்டாம் மண்டலத்தில் 8 ஆண்டு, மூன்றாம் மண்டலத்தில் 10 ஆண்டு என்று படிப்படியாகக் குறைத்து விட்டுவிட வேண்டும். 30 சதவிகிதத்துக்கு மேற்பட்ட சரிவில் ஆண்டுப் பயிர் செய்வதைத் தவிர்க்கச் செய்ய வேண்டும். இயற்கை முறையில் மண்ணின் சத்தை வளர்க்கும் விவசாயிக்கு அதற்கான ஊக்கத்தொகை தர வேண்டும் என்பவை அவற்றில் சில. மலை முழுவதற்கும் ஓர் ஆணையம், மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒரு சூழலியல் குழு என மூன்றடுக்கு அமைப்பையும் குழு சொன்னது.

அறிக்கை மூடிக்கிடந்த ஒன்பது மாதம்

2011 ஆகஸ்டு 31-இல் அறிக்கை அரசிடம் தரப்பட்டது. ஆனால் உடனே வெளியிடப்படவில்லை. தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் போட்டு, 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டு, அதை எதிர்த்து அமைச்சகம் தில்லி உயர்நீதிமன்றத்தில் தோற்றபின், 2012 மே 23-இல்தான் அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. வந்ததும் ஆங்கிலத்தில் வந்தது.

இந்த ஒன்பது மாத மௌனத்தின் விளைவு பெரிது. உழவனுக்கு அவன் மொழியில் விஷயம் போய்ச் சேராதபோது வதந்தி போய்ச் சேருகிறது. மாடு வளர்க்க முடியாது, வீடு கட்ட முடியாது, பட்டா செல்லாது என்றெல்லாம் மலையோர ஊர்களில் பேச்சுப் பரவியது. கல் குவாரி, மணல் எடுப்பவர்களுக்கு இந்த அச்சம் வசதியாகவே அமைந்தது.

இரண்டாவது குழுவும் 14 செண்டும்

எதிர்ப்பு எழவே, 2012 ஆகஸ்டு 17-இல் மத்திய அரசு மற்றொரு குழுவை அமைத்தது. விண்வெளி அறிஞரும் அப்போது திட்டக்கமிஷன் உறுப்பினருமாக இருந்த கே. கஸ்தூரிரங்கன் இதன் தலைவர். 10 பேர் கொண்ட இக்குழு 2013 ஏப்ரல் 15-இல் அறிக்கை தந்தது.

தலைவர் விண்வெளித் துறையிலிருந்து வந்தவர். அளவுகோலும் வானத்திலிருந்து வந்தது. பெரிய கட்டங்களுக்குப் பதில் செயற்கைக்கோள் படத்தை 24 மீட்டர் நுணுக்கத்தில் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் உள்ள ஒரு புள்ளி என்பது தரையில் 24 மீட்டருக்கு 24 மீட்டர். நமது கணக்கில் சுமார் 14 செண்டு! இயற்கை நிலம் வேறு, மக்கள் பயிர் செய்து வாழும் நிலம் வேறு என்று பிரித்து, மலைப்பரப்பில் சுமார் 37 சதவிகிதத்தை, அதாவது ஏறத்தாழ 60,000 சதுர கிலோமீட்டரை மட்டும் கூருணர்வுப் பகுதியாகக் கொள்ளலாம் என்றார்கள்.

14 செண்டு நுணுக்கம் 20,000 ஏக்கர் கட்டத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் இங்கேயும் இரண்டு சங்கடங்கள் இருந்தன. முதலாவது, ரப்பர்த் தோட்டமும் மரங்கள் செறிந்த விளையும் மேலிருந்து பார்க்கையில் காடுபோலத் தோன்றக் கூடியவை. ரப்பர் தை, மாசியில் இலையுதிர்த்து மீண்டும் தளிர்க்கும். படம் எந்த மாதத்தில் எடுத்தது என்பதைப் பொறுத்துத் தோற்றம் மாறும். வல்லுநர்கள் பிரித்தறிய முயல்கிறார்கள்; ஆயினும் தரையில் ஒருவர் வந்து பார்க்கும்வரை ஐயம் தீராது.

இரண்டாவது, அறிவிக்கும்போது அலகாக எடுத்தது புள்ளியை அல்ல, வருவாய்க் கிராமத்தை. ஒரு கிராமத்தின் பரப்பில் 20 சதவிகிதமோ அதற்கு மேலோ கூருணர்வு நிலம் இருந்தால் அந்தக் கிராமம் முழுவதும் பட்டியலில் சேரும். ஆறு மாநிலங்களில் 4,156 கிராமங்கள் இப்படி வந்தன. தமிழ்நாட்டில் 135 கிராமங்கள். பரப்பு 6,914 சதுர கிலோமீட்டர். ஆக, 14 செண்டு நுணுக்கத்தில் பார்த்தும் முடிவில் பட்டியலில் ஏறியது முழுக் கிராமமே. மீதி 80 சதவிகிதத்தில் உழுபவர் தாமும் சேர்ந்துவிட்டதாக உணர்ந்ததில் வியப்பில்லை.

பட்டியலில் ஏறினால் எதற்குத் தடை? சுரங்கம், கல் குவாரி, மணல் எடுத்தல், அனல்மின் நிலையம், அதிக மாசு தரும் சிவப்பு வகைத் தொழிற்சாலை, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடம், பெரிய நகர்க் குடியிருப்புத் திட்டம் ஆகியவற்றுக்குத்தான். விவசாயமும் தோட்டப்பயிரும் செய்யத் தடையில்லை, குடியிருப்போரை அப்புறப்படுத்துவதும் இல்லை என்று அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. ஆனால் விளக்கம் வருமுன்பே 2013 நவம்பரில் கேரளத்தின் மலை மாவட்டங்களில் கடையடைப்பும் கலவரமும் நடந்துவிட்டன.

கேரளம் செய்த மறுஅளவை

நமக்கு மிகவும் பயன்படும் பாடம் இதன்பின் நடந்ததுதான். கேரள அரசு 2013-இல் மாநில உயிரினப் பன்மைய வாரியத் தலைவர் உம்மன் வி. உம்மன் தலைமையில் மூன்று பேர் குழுவை அமைத்தது. இக்குழு மலையோர ஊர்களுக்குச் சென்று மக்களிடம் குறை கேட்டது. பிறகு ஊராட்சி அளவில் ஆட்களைக் கூட்டி, கிராம அலுவலகப் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எது காடு, எது விளை, எது வீடு என்று தரையில் நின்று சரிபார்க்கச் செய்தார்கள்.

விளைவு என்ன? கஸ்தூரிரங்கன் குழு கேரளத்துக்குச் சொன்ன பரப்பு 13,108 சதுர கிலோமீட்டர். சரிபார்த்த பிறகு அது 9,993.7 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. இதில் 9,107 காடு, மீதி 886.7 மட்டுமே காடல்லாத நிலம். 3,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் கழிந்தது. மத்திய அரசும் 2014 மார்ச் 10-இல் வெளியிட்ட முதல் வரைவு அறிவிக்கையில் கேரளத்துக்கு இந்தப் புதிய கணக்கையே எடுத்துக்கொண்டது.

இவ்வளவு கழித்தது சரியா, மலைக்குத் தீங்காகாதா என்று கேட்பவர்களும் உண்டு. அது நியாயமான கேள்வி. 2024 ஜூலை 30-இல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு வாரிக்கொண்டு போய் 200-க்கு மேற்பட்டோர் மாண்டதை மறக்க முடியாது. நமது மாவட்டமும் 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயலையும், 2021 நவம்பரில் பெருவெள்ளத்தையும் கண்டது. மலைச்சரிவைக் காக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. கேரளக் கணக்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, கழித்த பரப்பின் அளவை அல்ல, கழித்த முறையை. ஊரார் புலப்படத்துடன் முன்வந்தபோதுதான் படம் திருத்தப்பட்டது. வெறும் கோஷத்தால் ஒரு செண்டு நிலமும் பட்டியலில் மாறவில்லை.

வரைவு அறிவிக்கை அதோடு முடியவும் இல்லை. குறித்த காலத்துக்குள் இறுதி செய்யாவிட்டால் வரைவு காலாவதியாகிவிடும். எனவே 2015, 2017, 2018, 2022 என்று திரும்பத் திரும்ப வெளியிட்டு, 2024 ஜூலை 31-இல் ஆறாவது முறையாக வெளியிட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஆட்சேபணை சொல்ல 60 நாள் அவகாசம் உண்டு. ஆறு முறை வாசல் திறந்தது. அந்த வாசலில் எத்தனை ஊர்கள் ஒழுங்கான மனுவுடன் போய் நின்றன என்பதை அந்தந்த ஊராரே எண்ணிப் பார்க்கலாம்.

விவசாயியே அமரும் அமைப்பும் உண்டு

நிலப் பாதுகாப்பு அமைப்பில் விவசாயிக்கு நாற்காலி தருவது நடவாத காரியமல்ல. 1930-களில் அமெரிக்காவில் புழுதிப் புயலால் மண் பறந்தபோது, ஹியூ பென்னட் என்ற மண்ணியல் அறிஞரின் முயற்சியால் 1935-இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1937-இல் மாநிலங்களுக்கு ஒரு மாதிரிச் சட்டம் அனுப்பப்பட்டது. அதன்படி வட்டாரந்தோறும் மண் பாதுகாப்பு மாவட்டம் அமையும். அதன் நிர்வாகக் குழுவில் 5 பேர். அவர்களில் 3 பேர் உள்ளூர் நிலவுடைமையாளர்களால் தேர்ந்தெடுக்கப்படுவார்கள், 2 பேர் மட்டும் நியமனம். அரசு ஊழியர்களான வல்லுநர்கள் ஆலோசனை சொல்வார்கள். முடிவு செய்வோரில் பெரும்பான்மை ஊராரின் பிரதிநிதிகளே. வட கரோலினா மாநிலத்தின் பிரவுன் கிரீக்கில் அதே ஆண்டு தொடங்கியது முதலாவது அமைப்பு. மாவட்ட அளவில் சூழலியல் குழு என்று காட்கில் குழு சொன்ன யோசனையை இந்த நோக்கில் பார்த்தால், அங்கே விவசாயிக்கு இடம் கேட்பது தகும் என்பது புரியும்.

நாம் செய்ய வேண்டியவை

1. பட்டியல்களைக் குழப்பிக் கொள்ளாதீர்கள். மத்திய அரசின் கூருணர்வுப் பகுதி வரைவு ஒன்று. தமிழக அரசு 1990-இல் ஏற்படுத்திய மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கிராமப் பட்டியல் வேறொன்று. 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் இன்னொன்று. கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் போன்றவற்றைச் சுற்றி வகுக்கப்படும் மண்டலம் மற்றொன்று. ஒன்றில் உள்ள ஊர் மற்றொன்றில் இல்லாமல் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் விதியும் வேறு, மனு போட வேண்டிய இடமும் வேறு.

2. ஊர்ப் பெயரை வருவாய்க் கிராமப் பெயரில் தேடுங்கள். வழக்கில் உள்ள ஊர்ப்பெயரும் வருவாய்க் கிராமப் பெயரும் நம் பகுதியில் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. கருங்கல் வட்டாரத்தினர் பழைய ஆவணங்களில் விளவங்கோடு தாலுகா என்றும், இப்போது கிள்ளியூர் தாலுகா என்றும் இருப்பதையும் கவனிக்க வேண்டும். மலையோரத்தில் ரப்பர் விளை வைத்திருப்பவர்கள் அந்த விளை உள்ள கிராமத்தைத் தேட வேண்டும். தாம் குடியிருக்கும் ஊரை அல்ல.

3. ஆவணங்களைச் சீராக வைத்திருங்கள். பட்டா, தீர்வை ரசீது, புலப்பட நகல், அடங்கல் ஆகிய நான்கும் வேண்டும். தந்தை, பாட்டனார் பேரில் உள்ள பட்டாவைப் பேர் மாற்றாமல் விட்டிருப்பவர்கள் முதலில் அதைச் செய்ய வேண்டும். நிலத்தில் எந்த ஆண்டு முதல் என்ன பயிர் என்பது அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். காடா, பயிரா என்ற வழக்கில் அதுவே முதல் சாட்சி.

4. மனுவில் கோபத்தைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். பெயர், கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, இப்போதைய பயிர், எத்தனை ஆண்டாக, என்ன திருத்தம் வேண்டும் என்ற எட்டு விவரங்கள் ஒரு பக்கத்தில் அடங்கும். அறிவிக்கையில் அச்சிட்டுள்ள முகவரிக்கு, அனுப்பியதற்குச் சான்று கிடைக்கும் வகையில் விரைவுத் தபாலில், 60 நாளுக்குள் அனுப்ப வேண்டும். ஒரு நகலை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள்.

5. ஊர்த் தீர்மானத்துக்குத் தனி மனுவைவிட வலு அதிகம். ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராமசபை கூடும். ஆனால் நமது மாவட்டத்தில் பேரூராட்சிகள் அதிகம். கருங்கல்லும் பேரூராட்சியே. பேரூராட்சியில் கிராமசபை கிடையாது. ஆகவே வார்டு உறுப்பினர் மூலம் பகுதி சபையில் பேசி, பேரூராட்சி மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரச் செய்ய வேண்டும்.

6. வேண்டாம் என்பதோடு வேண்டும் என்பதையும் எழுதுங்கள். நம் நிலத்தைப் பட்டியலிலிருந்து நீக்கக் கேட்கும் அதே மனுவில், மலையில் குவாரி கூடாது, ஓடைப் புறம்போக்கைக் காக்க வேண்டும், அணையின் வண்டலை எடுக்க வேண்டும் என்றும் கேளுங்கள். பாதுகாப்பு தேவையில்லை என்பவரின் மனுவுக்கும், எல்லைக்கோட்டைச் சரியாகப் போடு என்பவரின் மனுவுக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதை எந்தக் குழுவும் எளிதில் ஒதுக்க முடியாது.

7. புதிய குழு எதுவும் அமைக்கப்பட்டால், செய்தி வந்த நாளிலேயே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஆய்வு வரையறை என்ன? உறுப்பினர்களில் சிறு விவசாயிக்காகப் பேசுபவர் யார்? எந்த அலகில் அளக்கப் போகிறார்கள், கட்டமா, கிராமமா, சர்வே எண்ணா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் மனுவில் என்ன எழுத வேண்டும் என்பது தானே விளங்கிவிடும்.

வயலில் வரப்புத் தகராறு வந்தால் சர்வேயர் சங்கிலியோடு வருகையில் நாம் வீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை. கல்லின் அருகில் போய் நிற்கிறோம். மலைக்கும் நிலத்துக்கும் எல்லை வகுக்கும் குழு வரும்போதும் அப்படியே போய் நிற்க வேண்டும். குழுவில் நமக்கு நாற்காலி இல்லாவிட்டாலும், புலப்படமும் தீர்வை ரசீதும் ஊர்த் தீர்மானமும் நம் கையில் இருந்தால் கோடு சரியான இடத்தில் விழும். மலையும் நிலைக்கும், விளையும் நிலைக்கும்.